பெட்டிக்குள் அடங்காத மேலாளர்

படத்தில் மேலாளருக்கு எட்டுத் தலைகள் விழுந்திருந்தன.

தலைமை எழுத்தர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு எண்ணினார். எட்டேதான். கைகள் பதினாறு இருந்திருக்க வேண்டும். அதில் ஒன்று இரண்டாம் எழுத்தரின் காதுக்குள் போய் மறைந்துவிட்டதால் கணக்கு உதைத்தது. காவலாளியின் மீசை மட்டும் ஆளை விட்டுப் பிரிந்து, மேகங்களுக்கு நடுவே தன்பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது.

"ஒரு தலையையே எங்களால தாங்க முடியலைங்க," என்றார் தலைமை எழுத்தர் பலவீனமாக. "இதை எப்படி அவர்கிட்ட காட்டுவேன்?"

ஸ்டூடியோக்காரர் மேஜைக்கு அந்தப் பக்கம் கன்னத்தில் கை வைத்தபடி, துக்கம் விசாரிக்க வந்தவர்போல நின்றார்.

"திருகினீங்களா?"

"எதை?"

"பெட்டிக்குப் பக்கவாட்டுல ஒரு குமிழ் இருக்குல்ல? ஒரு படம் எடுத்ததும் அதைத் திருகணும். அப்பத்தான் எடுத்த பிலிம் அந்தப் பக்கம் நகர்ந்து, புதுசு இந்தப் பக்கம் வரும். திருகாம எட்டுத் தடவை தட்டினா, எட்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துக்கும். பின்னாடி வந்த கேமரான்னா, திருகலைன்னா பூட்டிக்கிட்டு முரண்டு பிடிக்கும். இது பெட்டிக் கேமரா சார். வாயில்லா ஜீவன். சொன்னதைச் செய்யும், புத்தி சொல்லாது."

"திருகினதா ஞாபகமுங்களே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"அந்த நெகட்டிவைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

"எதுக்குங்க? பார்த்தா துக்கம்தான் கூடும்."

அவர் சொன்ன தோரணையில் தலைமை எழுத்தருக்கே சந்தேகம் வந்துவிட்டது. திருகினோமா? திருகியதுபோலக் கனவு கண்டோமா? நின்றபடியே தூங்கும் அளவுக்குக் களைத்துப் போன மனிதர், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். அவர் அப்படிக் களைத்துப் போனதற்குக் காரணம் ஒரு நாற்காலி.

அவர் வேலை பார்த்தது தராசுகளையே எடைபோடும் அலுவலகத்தில். ஊர்க் கடைக்காரர்கள் எல்லாரும் தங்கள் எடைக்கற்களையும் லிட்டர் அளவைகளையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றைச் சரிபார்த்து, முத்திரை குத்தி அனுப்புவார்கள். மேலாளர் அறையில் நாற்காலிக்குப் பின்னால் உள்ள சுவரில், அந்த அலுவலகத்தை ஆண்டு முடித்த ஒன்பது மேலாளர்களும் வரிசையாகத் தொங்கினார்கள். ஒவ்வொருவரும் ஓய்வு பெற்ற அன்று, அலுவலக முற்றத்தில், சிப்பந்திகள் புடைசூழ, அலுவலகத்தின் சொந்தப் பெட்டிக் கேமராவால் எடுக்கப்பட்ட படம். அங்கே எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது: பழையவர் சுவரில் ஏறினால்தான் புதியவர் நாற்காலியில் ஏறலாம். எழுதியிருந்தாலாவது எழுத்துப்பிழை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

பத்தாவது மேலாளர் ஓய்வு பெற்றார். தேநீர் கொடுத்தார்கள். அவரைப் புகழ்ந்து பேசினார்கள். பேசிய பொய்களை எல்லாம் அந்த அலுவலகத்தின் பெரிய தராசில் வைத்திருந்தால் தராசின் முள் வளைந்திருக்கும். படமும் எடுத்தார்கள். மறுநாள் காலை, எல்லாருக்கும் முன்னால் மேலாளர் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படத்துக்கென்றே தைத்த கம்பளிக் கோட்டு, கழுத்துப்பட்டை, பக்கத்தில் அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டி.

"படம் வரட்டும்யா, எழுந்துக்கறேன்," என்றார். "சுவர்லயும் ஏறாம நாற்காலியிலயும் இல்லாம, நடுவுல அந்தரத்துலயா தொங்கச் சொல்றே?"

மேலிடத்துக்குக் கேட்டு எழுதினார்கள். 'வழக்கப்படி செய்க' என்று பதில் வந்தது.

இதற்குள் பதவி உயர்வு ஆணைகள் அமலுக்கு வந்துவிட்டன. மேலாளராக உயர்ந்துவிட்ட தலைமை எழுத்தரின் நாற்காலியில் இரண்டாம் எழுத்தர் சொந்தமாக ஒரு மெத்தை போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் நாற்காலியில் மூன்றாம் எழுத்தர். இப்படியே ஆளாளுக்கு ஓர் இடம் மேலே நகர, வாசலில் இருந்த காவலாளிகூட உள்ளே ஒரு நாற்காலிக்கு வந்துவிட்டார். அலுவலகம் முழுக்கத் தேடியும் மிச்சமாக இருந்த ஒரே ஆசனம், வாசற்கதவோரம் காவலாளி விட்டுப்போன முக்காலி.

ஆகவே, அந்த அலுவலகத்தின் பதினோராவது மேலாளர், வாசலில், வெயிலில், முக்காலியில் உட்கார்ந்து பதவி வகித்தார்.

"பெரியவரே, மேலாளர் உள்ளே இருக்காரா?" என்று கடைக்காரர்கள் அவரிடமே கேட்டார்கள்.

"நான்தான்" என்று முதல் வாரம் சொல்லிப் பார்த்தார். சிரித்தார்கள். பிறகு, "இருக்கார், போங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார். சைக்கிளை அவர் பக்கத்தில் சாத்திவிட்டு, "கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று போனவர்களும் உண்டு. அவர் பார்த்துக்கொண்டார். ஏற்கெனவே பழுதுபட்ட முதுகு, முக்காலியில் சாய இடமில்லாமல் கேள்விக்குறி போல வளைந்துவிட்டது. சாயங்காலம் எழுந்தால் ஆள் மட்டும்தான் எழுவார். முதுகு எழுந்து வந்து சேர்ந்துகொள்ள வீடுவரை ஆகும்.

வீட்டில் மனைவி காத்திருந்தார்.

"என்னங்க, நாற்காலி கிடைச்சுதா?"

"படம் சரியா வரலை."

"எங்க அண்ணன் இன்னிக்கு உங்களைப் பார்க்க ஆபீசுக்கு வந்தாராம். வாசல்ல காவல்காரர் ஒருத்தர் அச்சு அசல் உங்களை மாதிரியே இருந்தாராம். பாவம், அவருக்கும் இதே மூஞ்சியாம்."

"நீ என்ன சொன்னே?"

"உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்லி வச்சேன். இன்னும் எத்தனை நாளைக்குங்க சொல்ல முடியும்? படம் எடுக்கறது அப்படி என்ன பெரிய வித்தை? பாம்புகூட எடுக்குது."

தலைமை எழுத்தர் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். ஒரு நாற்காலி. கைவைத்த, முதுகு சாய்க்கக்கூடிய, தலைக்குமேல் விசிறி சுழலும் ஒரே ஒரு நாற்காலி. அவருக்கு வேறு எந்த ஆசையும் மிஞ்சியிருக்கவில்லை.

இரண்டாம் முறை படம் எடுக்கும்போது இரண்டாம் எழுத்தர் தன் கைப்பேசியை நீட்டினார். "சார், இதுல ஒரு தட்டு தட்டினா போதும். மீசையில எத்தனை முடின்னு எண்ணலாம்."

மேலாளர் சிலிர்த்துக்கொண்டார். "சுவர்ல இருக்கற ஒன்பது பேரும் அந்தப் பெட்டிக்குள்ள புகுந்து வந்தவங்க. நான் மட்டும் கொல்லைப்புறமா வரணுமா?"

பெட்டியைப் பார்த்தால் அதற்குள் மேலாளர் என்ன, ஒரு ஜோடிச் செருப்புகூடப் புகாது என்றே தோன்றும். கறுப்புத் தோல் ஒட்டிய ஒரு தகரப் பெட்டி. முன்னால் ஒற்றைக் கண். பக்கத்தில் ஒரு குமிழ், ஒரு நெம்புகோல். தூக்கிப்போக மேலே ஒரு பட்டை. முதுகில் சின்னதாக, வட்டமாக, ஒரு சிவப்பு ஜன்னல். குமிழைத் திருகினால் அந்த ஜன்னலில் எண் தெரியும். ஒன்றிலிருந்து எட்டுவரை. அவ்வளவுதான் அதன் படிப்பு.

அதில் கண்ணை வைத்துப் பார்க்கவும் முடியாது. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே இருக்கும் தபால்தலை அளவுக் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். தலைமை எழுத்தர் பெட்டியை இரு கைகளாலும் வயிற்றில் தாங்கி, தலையைத் தொங்கப்போட்டு நின்றார்.

"இவ்வளவு வருஷத்துல," என்றார் மேலாளர் நெகிழ்ந்துபோய், "இன்னிக்குத்தான்யா என் முன்னாடி ஒழுங்காத் தலை குனிஞ்சு நிக்கறே."

தலைமை எழுத்தர் நெம்புகோலைத் தட்டினார். 'கிளுக்'. திருகினார். மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக, "ரெண்டு வந்தாச்சு!" என்று உரக்கக் கத்தினார். முற்றம் முழுவதும், "ரெண்டு வந்தாச்சு!" என்று பின்பாட்டு பாடியது. எட்டுவரை இப்படியே போயிற்று. தெருவில் போனவர்கள் உள்ளே ஏதோ ஏலம் நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

இந்தமுறை ஆளுக்கு ஒரே தலைதான் இருந்தது. ஆனால் அது தலைதானா என்பதைச் சொந்தத் தாய்கூடச் சத்தியம் செய்து சொல்ல முடியாது. எல்லாரையும் பஞ்சால் செய்து மழையில் நனைத்ததுபோல இருந்தது.

"கிட்டப் போய்ட்டீங்க," என்றார் ஸ்டூடியோக்காரர். "இதோட கண்ணு திருப்பிக் கிருப்பிச் சரிபண்ற கண்ணு இல்ல சார். வச்சது வச்சதுதான். பத்தடிக்கு அந்தப் பக்கம் நிக்கறவங்களைத்தான் மனுஷனா மதிக்கும்."

"தள்ளித்தானே நின்னேன்..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

மூன்றாம் முறை தலைமை எழுத்தர் தள்ளி நின்றார். பத்தடியும் பத்தாது என்று பின்னால் போனார். குனிந்து கண்ணாடியைப் பார்த்தபடியே போனார். கண்ணாடிக்குள் மேலாளர் கடுகாகச் சுருங்கிக்கொண்டே வந்தது அவருக்கு ஏதோ ஓர் ஆறுதலைத் தந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார். லிட்டர் அளவைகளைச் சோதிக்கத் தண்ணீர் நிரப்பி வைக்கும் தொட்டி அவர் காலுக்குப் பின்னால் பொறுமையாகக் காத்திருந்தது.

விழுந்தார். ஆனால் பெட்டியை நனைய விடவில்லை. தொட்டிக்குள்ளிருந்து இரண்டு கைகள் மட்டும் நீண்டு, பெட்டியை ஏந்தி நின்றன.

"தண்ணி எவ்வளவு வெளியே போச்சுன்னு அளந்து எழுதிக்கய்யா," என்றார் மேலாளர் மூன்றாம் எழுத்தரிடம். "அரசாங்கத் தண்ணி."

ஈரம் சொட்டச் சொட்ட எட்டையும் எடுத்து முடித்தார். படம் வந்தது. அத்தனை பேரும் பளிச்சென்று விழுந்திருந்தார்கள், கழுத்துவரை. அதற்குமேல் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. கோட்டை வைத்துத்தான் மேலாளரை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"முதல் தடவை எட்டு கொடுத்தே, இப்போ ஒண்ணுகூட இல்லையா?" என்று மேலாளர் கேட்டார். கோபத்தில் கேட்டதாகத்தான் குரல் இருந்தது. முகம் என்னவோ மலர்ந்திருந்தது.

உண்மையில், ஒவ்வொரு படம் கெட்டபோதும் மேலாளருக்கு வயது குறைந்துகொண்டே வந்தது. வேலையில் இருந்த காலத்தில் மத்தியானத்துக்குமேல் தூங்கி வழிந்தவர், ஓய்வு பெற்ற பிறகு ஓயாமல் வேலை பார்த்தார். பேனா மூடிகளை எண்ணினார். கேட்ட விடுமுறைகளை மறுத்தார். ஒரு கடைக்காரரின் எடைக்கல்லில் ஒரு கடுகு எடை குறைகிறது என்று கண்டுபிடித்து, அதற்காக அலுவலகத்தையே தலைகீழாக நிறுத்தினார். உச்சி வேளையில், வீட்டு அம்மா கைப்படக் கட்டி அனுப்பிய அடுக்குப் பெட்டியை ஒவ்வோர் அடுக்காகத் திறந்து ஆற அமரச் சாப்பிட்டார்.

அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் தலைமை எழுத்தருக்கு நெஞ்சு உறுத்தியது. பாவம் அந்த அம்மாள். காலமெல்லாம் அலுவலகத்துக்குத் தாரைவார்த்த கணவர், இனிமேலாவது வீட்டில் கண்ணெதிரே இருப்பார் என்று காத்திருப்பார். இந்தக் கிழவயதிலும் விடிகாலையில் எழுந்து சமைத்துக் கட்டுகிறாரே. எல்லாம் தன் கை கோளாறால்தானே!

"உங்க கை கோளாறுதான்," என்று ஸ்டூடியோக்காரரும் ஒப்புக்கொண்டார். "இதுல பார்க்கற கண்ணாடி வேற, பிடிக்கற கண்ணு வேற. பார்க்கறது ஒண்ணு, பிடிக்கறது ஒண்ணு. அதோட மேல் கண்ணாடியில எல்லாம் இடம் வலமா மாறித் தெரியும். இடது பக்கம் இருக்கறவர் வலது பக்கம் இருக்கற மாதிரி இருக்கும். அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் ஆளுங்களை நகர்த்தணும்."

கழுத்துக்குமேல் வெட்டுப்பட்டதற்கும் இடம் வலம் மாறுவதற்கும் என்ன தொடர்பு என்று ஒரு கணம் தோன்றியது. களைப்பில் கேட்காமல் வந்துவிட்டார்.

நான்காம் முறை, கண்ணாடியில் மேலாளர் ஓரமாகத் தெரிந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் இடது பக்கம் போங்க."

"எங்க இடதா, உங்க இடதா?" என்றார் இரண்டாம் எழுத்தர்.

தலைமை எழுத்தர் யோசித்தார். "கண்ணாடியோட இடது."

"என் இடது கையைத் தூக்கறேன்," என்று மேலாளர் தூக்கினார். "ஆபீசுக்கு இதுதான் இடது. நடங்கய்யா!"

கூட்டம் நகர்ந்தது. கண்ணாடிக்குள் அது எதிர்ப்பக்கமாக ஓடியது. "ஐயோ, மத்த இடது!" என்று தலைமை எழுத்தர் கத்தினார். பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமும் போய், நடுவில் மேலாளர் தனித்தீவாக நின்றார். சேர்த்தார்கள். மறுபடி நகர்ந்தார்கள். கண்ணாடியில் சரியாக வருவதுபோல வந்து, வந்து, வந்து, வழுக்கிக்கொண்டே போனார்கள். அவர் குனிந்த தலை நிமிராமல் பின்தொடர்ந்தார். முற்றத்தைக் கடந்தார்கள். வாசலைக் கடந்தார்கள். முக்காலியைக் கடந்தார்கள். தெருவில் இறங்கியபோது இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. கோட்டுப் போட்ட ஒருவர் கையைத் தூக்கியபடி முன்னால் போக, பின்னால் ஒரு கூட்டம் முகத்தை இறுக்கிக்கொண்டு போவதைப் பார்த்த ஜனங்கள் ஏதோ பெரிய ஊர்வலம் என்று நினைத்து, கோரிக்கை என்னவென்று தெரியாமலேயே சிலர் சேர்ந்துகொண்டார்கள்.

"இப்போ சரியா இருக்கு! அப்படியே நில்லுங்க!" என்று தலைமை எழுத்தர் கூவியபோது, அவர்கள் எதிர்வரிசை முடிதிருத்தகத்தின் படிகளில் நின்றார்கள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒரு வாடிக்கையாளரும் வரிசையில் இருந்தார்.

அந்தப் படத்தில் நுரை மனிதர் அற்புதமாக விழுந்திருந்தார். அவர் கண்ணிமை தெரிந்தது. மேலாளர் முகத்தில் மட்டும், பௌர்ணமி நிலவு எழுந்ததுபோல ஒரு வெள்ளை வட்டம்.

"பின்னாடி சிவப்பு ஜன்னல் வழியா வெளிச்சம் பூந்துடுச்சு," என்றார் ஸ்டூடியோக்காரர். "அதைப் பொத்திக்கணும்."

"அது எப்படிங்க, நூறு பேருக்கு நடுவுல அவர் மூஞ்சியை மட்டும் தேடிப்போய்ப் பூந்துது?"

ஸ்டூடியோக்காரர் சற்று நேரம் கூரையைப் பார்த்தார். "வெளிச்சத்துக்கு யார் சார் கட்டளை போட முடியும்?"

ஐந்தாம் முறை தலைமை எழுத்தர் ஜன்னலைப் பொத்த ஒரு கறுப்புத் துணியைப் பெட்டிக்குமேல் போட்டு, அதற்குள் தன் தலையையும் நுழைத்துக்கொண்டார். துணிக்குள் இருட்டு, வெம்மை, நிம்மதி. யாரும் தன்னைக் கூப்பிடாத அந்த இருட்டில் அவர் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டார். வெளியே மேலாளர் முதல் எல்லாரும் அசையாமல், மூச்சுக்கூட விடாமல் வெயிலில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் எழுத்தர் மயங்கி விழுந்த சத்தம் கேட்டுத்தான் விழித்தார். பின்வரிசைக்கு உயரம் வேண்டுமென்று கொண்டுவந்து போட்டிருந்த முக்காலிமேல் நின்றவர் அவர். முக்காலியின் மூன்று காலும் மூன்று திசையில் போயிற்று.

படத்தில் யாருமே இல்லை. முற்றம் இருந்தது. தொட்டி இருந்தது. ஆட்கள் நின்ற இடத்தில் ஆவி போல ஏதோ அலைந்தது.

"நெம்புகோலுக்குப் பக்கத்துல ஒரு தகடு இருக்கும்," என்று ஆரம்பித்தார் ஸ்டூடியோக்காரர். "அதை வெளியே இழுத்தா, கண்ணு மூடாம திறந்தே இருக்கும்..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க," என்று தலைமை எழுத்தரே சொல்லிக்கொண்டு வெளியேறினார்.

இப்போது முக்காலியும் இல்லை. மறுநாள் முதல் அவர் வாசலில் நின்றபடி பதவி வகித்தார். ஒரு கடைக்காரர் குடையை அவர் கையில் மாட்டிவிட்டு உள்ளே போனார். அவர் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று மத்தியானம், ஆறாவது சுருளைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தவருக்கு எதைப் பற்றியும் அக்கறை இல்லை. பத்தடி அளக்கவில்லை. இடம் வலம் பார்க்கவில்லை. ஜன்னலைப் பொத்தவில்லை. "கொஞ்சம் சிரிங்க" என்றுகூடச் சொல்லவில்லை. பெட்டியை வயிற்றில் வைத்து, கொட்டாவி விட்டுக்கொண்டே தட்டினார், திருகினார், தட்டினார், திருகினார். எட்டும் தீர்ந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் மேலாளர், ஏமாற்றத்தோடு.

"இவ்வளவுதான் சார்."

ஸ்டூடியோ வாசலுக்கு வந்தவர், உள்ளே எரிந்த விளக்கைப் பார்த்தார். இன்னொரு பாடம் கேட்கும் தெம்பு அவருக்கு இல்லை. இனிமேல் பெட்டியில் என்ன பாகம் மிச்சமிருக்கிறது? பட்டை ஒன்றுதான். பட்டையைத் தப்பாகப் பிடித்தீர்கள் என்பார். எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையில் இருந்த குடையால் மறைத்தபடி நழுவி, நாலு தெரு தள்ளி ஒரு சந்துக்குள் இருந்த கடையில் சுருளைக் கொடுத்தார். அங்கே இருந்தவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாள் ஓர் உறையை நீட்டினார்.

பிரித்தார். அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டார்.

எட்டும் எட்டு முத்துக்கள். மேலாளருக்கு ஒரே ஒரு தலை, அது இருக்க வேண்டிய இடத்தில். கோட்டுப் பொத்தான்களை எண்ணலாம். இரண்டாம் எழுத்தரின் காதுக்குள் எதுவும் இல்லை. மீசைக்குக் கீழே காவலாளி இருந்தார். சுவரில் தொங்கும் ஒன்பது படங்களும் வெட்கித் தலைகுனிய வேண்டும், அப்படியொரு துல்லியம்.

ஒன்றும் செய்யாதபோது இப்படி வருகிறது. உயிரைக் கொடுத்துச் செய்தபோது ஏன் வரவில்லை? யோசிக்க முயன்றார். கண்முன் நாற்காலி வந்து மறைத்தது. கைவைத்த நாற்காலி. சாய்ந்த முதுகு. சுழலும் விசிறி.

அலுவலகத்துக்குத்தான் முதலில் ஓடியிருக்க வேண்டும். ஆனால் அந்த அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டி நினைவுக்கு வந்தது. இந்த நல்ல சேதியை முதலில் கேட்க உரிமை யாருக்கு இருக்கிறது? நாளைக் காலை விடியுமுன் எழுந்து மறுபடி அடுப்பு மூட்டப்போகும் அந்த அம்மாளுக்குத்தானே! களைப்பெல்லாம் எங்கோ பறக்க, மேலாளரின் வீட்டை நோக்கி நடந்தார். முதுகுகூட அன்றைக்குக் கூடவே வந்தது.

கதவைத் தட்டுமுன்பே உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. வானொலி பாடியது. கதவு சும்மா சாத்தியிருந்தது, தட்டியதும் திறந்துகொண்டது. கூடத்தில் நாலைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். வட்டத்தின் நடுநாயகமாக, மேலாளரின் சாய்வு நாற்காலியில், கால்மேல் கால் போட்டு, கையில் விசிறிபோலச் சீட்டை விரித்துப் பிடித்தபடி மேலாளரின் மனைவி.

"வாங்க வாங்க! அவர் ஆபீஸ்லதானே இருக்கார்?" என்றார் முகமெல்லாம் மலர.

"ஆமாம்மா. ஆனா இன்னியோட சரி!" தலைமை எழுத்தர் உறையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார். "உங்க கஷ்டம் தீர்ந்துதும்மா. படம் கண்ணாடி மாதிரி விழுந்திடுச்சு! இன்னிக்கே சுவர்ல மாட்டிடுவோம். நாளையிலேர்ந்து சார் இங்கேயேதான் இருப்பார். காலையில, மத்தியானம், சாயங்காலம், எந்நேரமும் உங்க கண்ணெதிர்லயே..."

யாரோ வானொலியை நிறுத்தினார்கள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மெல்லச் சீட்டுகளை மடக்க ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பி, பின்பக்கம் அச்சடித்திருந்த கடைப்பெயரைப் பார்த்தார். பிறகு சாய்வு நாற்காலியின் இரண்டு கைகளையும், யாரோ பிடுங்க வருவதுபோல, இறுகப் பற்றிக்கொண்டார்.

"நான் சொல்லி வச்ச ஸ்டூடியோ அங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, உங்களை யாருங்க வேற கடைக்குப் போகச் சொன்னது?"